ஒரு வரிக்கு நாலு லட்சம்

போளூரில் ஒரு ரகசியத்தின் விலை முந்நூறு ரூபாய். ரசீது கிடையாது. அச்செடுத்துக் கொடுக்கத் தனியாகப் பத்து ரூபாய்.

இந்த விலைவாசி இளவரசிக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஜமுனாமரத்தூரில் அவளுடைய சாமை மில்லின் வாசலில் சாக்குக் கட்டு ஒன்று தொப்பென்று வந்து விழுந்தது. போன வாரம்தான் புளி கட்டுவதற்கென்று அவளே எண்ணிக் கொடுத்த சாக்குகள். போனபடியே திரும்பி வந்திருந்தன. போட்டவள் அம்மாக்கண்ணு, மேல்கானூர் மகளிர் குழுவின் தலைவி.

“எண்ணிக்கம்மா. ஒண்ணும் கொறையாது.”

“இன்னாக்கா இது? புளி எங்க?”

“மரமே போய்ட்ச்சு. புளிக்கு எங்க போறது?”

மேல்கானூரைச் சுற்றி நிற்கும் புளியமரங்கள் பொதுமரங்கள். வருஷா வருஷம் குத்தகை அலுவலகம் அவற்றை ஏலத்தில் விடும். நாலு வருஷமாக அம்மாக்கண்ணுவின் குழுதான் எடுத்து, உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து இளவரசியிடம் போடுகிறது. இவள் அதை மலையிலிருந்து கீழே அனுப்புகிறாள். ஊர்ப் பெண்களுக்குப் பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் அந்த மரத்திலிருந்துதான் உதிர வேண்டும். குத்தகை வேறு கைக்குப் போனால் அதே பெண்கள் அதே மரத்தடியில் அடுத்தவனுக்குக் கூலிக்குக் குனிய வேண்டும்.

போன வருஷம் வரைக்கும் ஏலம் அலுவலக வாசலில் சத்தம் போட்டு நடந்தது. இந்த வருஷம் நாடு முன்னேறிவிட்டதால் ஏலம் இணையத்துக்கு ஏறிவிட்டது. அறிவிப்பு நோட்டீஸ் தேன் சொட்டியது. வீட்டிலிருந்தபடியே கேட்கலாம், உங்கள் கைபேசியிலேயே கேட்கலாம், நீங்கள் கேட்ட தொகை கடைசி நாள் வரை எவருக்கும் தெரியாது. பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். ஏல வாசலில் நின்று முறைக்கும் ஆட்களின் மூஞ்சியைப் பார்க்காமல் கேட்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

கைபேசியில் திறந்தார்கள். சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. ‘தங்கள் பிரவுசர் ஏற்கத்தக்கதல்ல.’ வேறு போனில் திறந்தார்கள். அதே கட்டம். அதைத் திறக்கக்கூடிய கம்ப்யூட்டர் போளூரில் குணசீலன் கடையில் மட்டும் இருக்கிறது என்று ஊர் பேசியது. மலையில் எல்லாரும் அங்கேதான் போனார்கள். அம்மாக்கண்ணுவும் போய், முந்நூறு ரூபாய் கொடுத்துக் குழுவின் தொகையைப் போடச் சொன்னாள்.

“எவ்ளோ கேட்டீங்க?”

“எண்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு.”

“போனது எவ்ளோவுக்கு?”

“எண்பத்தி நாலாயிரத்து அறுநூறு. ஒடுகத்தூரு பக்கத்து ஆளு, ஆனந்தன்னு ஒரு காண்ட்ராக்டரு எடுத்துகினாரு.”

இளவரசி தரகர் மகள். தொகையை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் வீட்டில் வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன் ஒரு தடவை நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஜெயிக்கலாம், தப்பில்லை. அவள் போனை எடுத்து முடிவுப் பட்டியலைத் திறந்தாள். அந்தப் பக்கம் மட்டும் எல்லாப் போனிலும் திறந்தது, தோற்றதைத் தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. பக்கத்துக் குக்கிராமங்கள் இரண்டிலும் ஆனந்தனே எடுத்திருந்தான். அங்கேயும் அடுத்த ஆளைவிட நூறு ரூபாய்தான் கூடுதல்.

“அக்கா, உங்க தொகைய யாருகிட்ட சொன்னீங்க?”

“யாருகிட்டயும் சொல்லல. நான் இன்னா பச்சக் கொழந்தையா? கடைல பத்துப் பேரு நின்னுகினு இருந்தாங்க. வாயத் தொறக்கலியே. துண்டு போட்டு விரல் புடிச்சிதான் சொன்னேன்.”

“யாரு கைல?”

“குணசீலன் கைலதான். அவந்தானே டைப் அடிக்கணும்?”

இளவரசியின் வாய்க்குள் வந்த வார்த்தை மூத்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. அம்மாக்கண்ணு ஊர்க் கண்ணையெல்லாம் துண்டால் மூடிவிட்டு, கண் திறந்திருக்கும் ஒரே ஆளின் கையில் விரலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அந்த ஓடிபி யாரு போனுக்கு வந்துச்சி?”

“மலைல டவர் கெடைக்காது, என் நம்பர போட்டுக்கறேன்னான். நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். ஏம்மா, தப்பா?”

“தப்பு உங்க மேல இல்லக்கா.” மடிக்கணினிப் பையை எட்டி எடுத்தாள். “உங்கள அந்தக் கடை வாசலுக்கு அனுப்பினான் பாருங்க ஒருத்தன், அவன் மேல.”

இளவரசி பெங்களூரில் ஆறு வருஷம் வலைத்தளங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். எவரோ கட்டிய பக்கத்தை நாலைந்து பிரவுசரில், பெரிய திரையில், உள்ளங்கைத் திரையில், கண் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லும் கருவியில் திறந்து பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வாரம் வலைத் தரங்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். பக்கம் என்பது வெறும் எழுத்து, அதை எப்படி எழுத வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு விதி உண்டு, விதிப்படி எழுதினால் எந்தக் கம்பெனி பிரவுசரும் படித்துக் காட்டும், விதிக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். இளவரசிக்குச் சிரிப்பு வந்தது.

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் அவளுடைய அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், ஆம்பூர் பாய், மலையிலிருந்து ஆடு ஓட்டி வருகிறவர், ஒருவர் பேச்சு மற்றவருக்கு அரைகுறை. கைகள் துண்டுக்கு அடியில் போய்விட்டால் அந்தக் கவலை இல்லை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுக்கப் பிடித்தால் ஐந்து. எந்தச் சந்தைக்குப் போனாலும் அதே கணக்கு. அதைக் கண்டுபிடித்தவன் பெயர் எவருக்கும் தெரியாது, அதற்கு வாடகை கேட்டு எவனும் வந்ததில்லை. எங்கள் கம்பெனியின் விரல் வேறு, எங்கள் கடையில் மட்டும்தான் பேரம் பேச முடியும் என்று ஒருவன் சொன்னால் சந்தை அவனை அன்றைக்கே துரத்திவிடும். கம்ப்யூட்டரில் அதையே சொன்னவனுக்குக் காசோலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் மடிக்கணினியைத் திறந்து அந்த ஏலப் பக்கத்தின் உள்ளெழுத்தைப் பார்த்தாள். எந்தப் பிரவுசரும் ஒரு தளத்தைக் கேட்கப் போகும்போது வாசலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கும். இந்தத் தளத்தின் வாசலில் ஒரே ஒரு வரி காவல் நின்றது. வந்தவன் இன்ன பெயர் சொன்னால் உள்ளே விடு, வேறு பெயர் சொன்னால் சிவப்புக் கட்டத்தைக் காட்டு. அந்த இன்ன பெயர் ஒரு பழைய பிரவுசருடையது. செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட பிரவுசர். அந்த வரியைத் தாண்டி உள்ளே இருந்த படிவம் சாதாரணப் படிவம். இரண்டு கட்டம், ஒரு பொத்தான். எந்தப் போனுக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

அவள் தன் பிரவுசரை அந்தப் பழைய பெயரைச் சொல்லச் சொன்னாள். பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தது.

“அக்கா, கெளம்புங்க. ஆட்சேபணைக்கு வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குது. சாக்கு இங்கயே கெடக்கட்டும்.”

முதலில் போளூருக்குப் போனார்கள். குணசீலன் கடையில் நாலு புதுக் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கொழுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று மாலை போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. குணசீலன் அம்மாக்கண்ணுவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆள் மரியாதைக்காரன்.

“வாங்கக்கா. கேள்விப்பட்டேன். நூறு ரூபால போய்ட்ச்சாமே. பேஜாரா ஆயிட்ச்சு எனக்கு.”

“உனக்கு ஏன் பேஜாரு?” என்றாள் இளவரசி. “ஆனந்தன் எந்தக் கடைலேர்ந்து கேட்டான்?”

“இங்கதான். வேற எங்க தெறக்கும்?”

“கடைசி நாளு கடைசி ஆளா வந்தானா?”

“எல்லாரும் வந்துட்டு போன அப்பால வந்தாரு. ஏன், வரக்கூடாதா?”

“வந்து இன்னா தொகை சொன்னான்?”

குணசீலன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “தோ பாருங்க மேடம், நான் யாரு தொகையையும் யாருகிட்டயும் சொல்றவன் கெடையாது. எங்க கடை பத்து வருஷமா நடக்குது. அவரு தொகையே சொல்லல. இதுவரைக்கும் இருக்கறதுல பெருசு எதுவோ அதுமேல ஒரு நூறு சேத்துப் போடுன்னாரு. போட்டேன். நான் சொன்னா தப்பு. நான் சொல்லவே இல்லியே.”

அவன் அதை நிஜமாகவே நம்பினான். இளவரசிக்கு அவனை அறையலாம் என்று வந்த ஆத்திரம் அந்த முகத்தைப் பார்த்ததும் யார் மேல் இறங்குவது என்று தெரியாமல் நின்றது. அம்மாக்கண்ணுதான் பேசினாள்.

“உன் கைல விரல வெச்சேனேடா பாவி. எங்கப்பன் ஆடு வித்த காலத்துல, விரலு புடிச்ச கைய அப்பறமா வேற ஆளுக்கு நீட்டினவன் எந்தச் சந்தைலயும் நின்னதில்ல.”

“அக்கா, அது ஆட்டுச் சந்தை. இது ஆன்லைன்.”

“ஆமாண்டா. ஆட்டுக்கு இருக்கற மரியாத எங்களுக்கு இல்ல.”

மறுநாள் குத்தகை அலுவலகம். உதவி அலுவலர் ராஜேஷ் இளைஞர், நாகரிகமானவர், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். அதற்கு மேல் எதையும் திருப்பத் தயாராக இல்லை.

“சிஸ்டத்துல வந்த முடிவும்மா. நாங்க இன்னா பண்ண முடியும்? பூட்டுப் போட்ட தளம். அட்ரஸ் பக்கத்துல பூட்டு இருக்குது பாருங்க. நடுவுல யாரும் பாக்க முடியாது.”

“பூட்டு நல்ல பூட்டுதாங்க. கடைலேர்ந்து உங்க ஆபீஸ் வரைக்கும் வழில எவனும் பாக்கல. திருட்டு நடந்தது வழில இல்லீங்களே. பூட்டுக்கு இந்தப் பக்கம், டைப் அடிச்சவன்கிட்ட. அவன்கிட்ட போய் நிக்க வெச்சது உங்க தளம்.”

“ஏன், போன்லயே கேக்கலாமே. நோட்டீஸ்ல போட்டிருக்கோம்.”

“உங்க போன்ல கேளுங்க சார். நான் வெயிட் பண்றேன்.”

ராஜேஷ் தன் போனை எடுத்தார். சிவப்புக் கட்டம். மேசைக் கம்ப்யூட்டரில் போட்டார். சிவப்புக் கட்டம். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இளவரசி மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து, பெயரை மாற்றிச் சொல்லித் திறந்து காட்டினாள்.

“இது சிஸ்டத்த ஏமாத்தற வேலை இல்லியா?”

“ஆமாங்க. பொய்ப் பேரு சொன்னேன், வாங்கன்னு உள்ள விட்டுச்சி. இந்தம்மா நெஜப் பேரு சொல்லிச்சி, வெரட்டிட்ச்சி. யாரு ஏமாத்தினாங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.” மூன்று ஊர் முடிவையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் தள்ளினாள். “இந்த நூறு, இந்த நூறு, இந்த நூறு. ஆட்சேபணை மனு கீழ இருக்குது. வாங்கிகினு நம்பர் போடுங்க.”

ராஜேஷ் தாளைப் பார்த்தார். படித்தவர்தான், நூறுகளைக் கூட்டத் தெரிந்தது. தளம் கட்டிய கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் குளிர்சாதன அறைக் குரல் ஒன்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

“சார், எல்லாப் பிரவுசர்லயும் ஓடணும்னா அது புது வேலை. மூணு மாசம் ஆகும். நாலு லட்சத்துக்கு ஒரு எஸ்டிமேட் அனுப்பறேன்.”

இளவரசி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். விலை சொன்னால் அவள் வீட்டில் எவரும் சும்மா இருந்ததில்லை.

“நீங்க ஓட வெக்க வேணாங்க. ஓடறத நிறுத்தாம இருந்தா போதும். வாசல்ல பேரு கேக்கற வரி ஒண்ணு வெச்சிருக்கீங்க. அத எடுத்துடுங்க.”

“மேடம் யாரு?”

“புளி வாங்கறவங்க.”

“மேடம், அது சேஃப்டிக்காகப் போட்டது. நாங்க அந்த ஒரு பிரவுசர்லதான் டெஸ்ட் பண்ணோம். மத்ததுல டெஸ்ட் பண்ணணும்ல? சரி, சாருக்காக ரெண்டு லட்சம்.”

“மூச்சு விடறதுக்குள்ள பாதி எறங்கிட்டீங்களே. நாட்டு ஆடு விக்கறவன் கூட கொஞ்ச நேரம் அழுவான். டெஸ்ட் நான் பண்ணிட்டேன். எல்லாத்துலயும் தெறக்குது. கூலி எனக்கு அனுப்பறீங்களா?”

“டாக்குமெண்டேஷன் இருக்கு மேடம். ஐம்பதாயிரத்துக்குக் கீழ முடியாது.”

“அந்த வரி எதுக்கு வந்துச்சின்னு சொல்லுங்க, ஐம்பதாயிரம் நானே தர்றேன்.”

“வேற ஒரு டிபார்ட்மெண்டுக்குப் பண்ண தளத்துலேர்ந்து எடுத்தது. அங்க தேவைப்பட்டுச்சி. அப்படியே வந்திருக்கும்.”

“அப்படியே வந்திருக்கும்.” இளவரசி திருப்பிச் சொன்னாள். அம்மாக்கண்ணுவுக்கு அந்தப் பேச்சில் பாதி விளங்கவில்லை. இது மட்டும் விளங்கியது. மூன்று ஊர் மரம் போனது ஒருவன் பழைய சட்டைப் பையைக் காலி செய்யாமல் துவைக்கப் போட்டதால்.

“சார், இவங்களோட போட்ட ஒப்பந்தம் உங்ககிட்ட இருக்கா? தளம் எந்தக் கருவிலயும் ஓடணும், பொதுத் தரப்படி எழுதணும்னு ஒரு விதி இல்லாம இருக்காது. பாருங்க.”

ராஜேஷ் தேடினார். இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கம்பெனியின் கையெழுத்தும் இருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

“கிலோவுக்குத் துட்டு வாங்கிட்டு முக்கா கிலோ போட்டிருக்கீங்க,” என்றாள் இளவரசி போனைப் பார்த்து. “மீதிய போடறதுக்கு இன்னொரு தபா வெல சொல்றீங்க. உங்க தராசுக்குக் கீழ இன்னா ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு மேல எழுதிக் கேக்கட்டுமா?”

பத்தே நிமிஷத்தில் அந்த வரி போய்விட்டது. ராஜேஷின் போனில் பக்கம் திறந்தது. அம்மாக்கண்ணுவின் கீறல் விழுந்த போனிலும் திறந்தது. “ஃப்ரீயாவே பண்ணிட்டோம் சார், ஒரு குட்வில்லா,” என்றது குரல். “ரொம்ப நன்றிங்க,” என்றார் ராஜேஷ்.

அந்த நன்றிதான் இளவரசிக்குத் தாங்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர்ப் பானையிடம் நின்று இரண்டு டம்ளர் குடித்தாள். பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் விட்டவனுக்கு நன்றி. அவன் வரி வாசலிலேயே விரட்டிவிட்ட மலை ஜனங்களுக்கு, ஆட்சேபணை மனுவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

ஸ்டாம்ப்புக்கு மதிப்பு இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெள்ளிக்கிழமை மூன்று ஊர் ஏலமும் ரத்தாயின. ஒரு வாரத்தில் மறு ஏலம். ஆனந்தன் மேல் நடவடிக்கை இல்லை, நூறு ரூபாய் கூடக் கேட்பது குற்றமில்லையாம். குணசீலன் மேலும் இல்லை, அவன்தான் சொல்லவே இல்லையே.

மறு ஏலத்துக்கு அம்மாக்கண்ணு மில்லுக்கு வந்தாள். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். இந்த முறை தன் நம்பர், தன் ஓடிபி, தன் போன். இளவரசி எட்டி நின்றுகொண்டாள்.

“அதே எண்பத்தி நாலரை போட்டுடட்டுமா?”

“அந்தத் தொகை ஊரு பூரா தெரியும்க்கா. ஆனந்தனுக்கு மனப்பாடம்.”

அம்மாக்கண்ணு போனைக் கீழே வைத்தாள். “மரம் அவ்ளோதாம்மா தாங்கும். குழுல எல்லாரும் ராவெல்லாம் பேசித்தான் அந்தத் தொகைக்கு வந்தோம். அதுக்கு மேல போனா எங்க கூலியத்தான் போடணும்.”

“தெரியும்.”

“அவன் மேல ஏறுவான்ல?”

“ஏறுவான். நீங்க எவ்ளோ பயப்படுவீங்கன்னு கணக்குப் போட்டு ஏறுவான்.”

அம்மாக்கண்ணு போனை மறுபடி எடுத்தாள். பிறகு அவளே விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு எதையோ போட்டு, பொத்தானை அழுத்தினாள். இளவரசி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முடிவு வந்தது. ஆனந்தன் தொண்ணூறாயிரம் வரை ஏறியிருந்தான். மேல்கானூர் மகளிர் குழு தொண்ணூற்று இரண்டாயிரத்து ஐந்நூறு. மரம் ஊரிலேயே நின்றது. பக்கத்து இரண்டு ஊர்களில் ஒன்று தப்பியது, இன்னொன்றால் முதல் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் புரட்ட முடியவில்லை, ஆனந்தனிடமே போனது.

அன்று சாயங்காலம் சாக்குகளை எடுத்துப் போக வந்த அம்மாக்கண்ணுவிடம் இளவரசி டீ நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை.

“ஜெயிச்சிட்டோம்னு ஊர்ல வெடி வெக்கறாங்க. நீயே கணக்குச் சொல்லும்மா. மரத்துல காய் கூடிச்சா?”

“இல்லக்கா.”

“வெல கூடிச்சா?”

“இல்ல.”

“அப்பறம் அந்த எட்டாயிரம் இன்னாத்துக்கு?”

இளவரசி மில்லுக்குள் போய், யார் யார் தர வேண்டியது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கும் சுவரில் ஒரு இடத்தைத் துடைத்துவிட்டு எழுதினாள். அம்மாக்கண்ணு சொல்லச் சொல்லத்தான் எழுதினாள்.

மேல்கானூர் குழு கட்டியது: தொண்ணூற்று இரண்டாயிரத்து ஐந்நூறு.
மரத்தின் தகுதி: எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு.
மீதி, அந்த ஒரு வரியை எழுதிய கம்பெனி பேரில் பற்று: எட்டாயிரம்.
வரவு: இல்லை.